‘5,000 பேருக்கு வேலை’ என்கிறார்கள், ஊருக்குத் திரும்பி வந்துவிடலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 25 வயது. சொந்த ஊர் திருச்சி துவாக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சிஎன்சி (கணினியில் ஓடும் கடைசல் இயந்திரம்) ஆபரேட்டராக இருக்கிறேன். காண்ட்ராக்ட் ரோல்தான். பிடித்தம் போகக் கையில் 18,500 ரூபாய் வருகிறது. ரூம் வாடகை, மெஸ், ஊருக்கு வந்துபோகும் செலவு என்று 9,000 போய்விடுகிறது. எங்கள் பக்கம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வரப்போகிறது, 5,000 பேருக்கு வேலை என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. தெரிந்த ஒருவர் மூலம் 3 லட்சம் கொடுத்தால் ‘பெர்மனென்ட்’ வாங்கிவிடலாம் என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கவும் தயார். தம்பி ஐடிஐயில் ஃபிட்டர் இரண்டாம் வருடம் படிக்கிறான். அப்பா 20 வருடம் ஐபிஆர் வெல்டராக (கொதிகலன் வெல்டிங்குக்குச் சான்று பெற்றவர்) இருந்தவர். அவர் இருந்த பட்டறை ஆர்டர் இல்லாமல் மூடிய பிறகு கேட், கிரில் வேலைக்குப் போகிறார். நான் இங்கே வேலையை விட்டுவிட்டு வரலாமா? அப்பாவுக்கும் அங்கே ஏதாவது வழி இருக்குமா?

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

பதில்: தம்பி, முதலில் அந்த 3 லட்சத்தைப் பேசி முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மத்திய அரசிலும் அதன் பொதுத்துறை நிறுவனங்களிலும் டெக்னீஷியன் மாதிரியான கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. ஐடிஐ மதிப்பெண், எழுத்துத் தேர்வு, தொழில் தேர்வு என்று ஆளெடுப்பு நடக்கிறது. ‘இன்டர்வியூ போர்டில் நம்ம ஆள் இருக்கிறார்’ என்று யாராவது சொன்னால், இல்லாத போர்டில் அவருடைய ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். தனியார் ஆலை என்றால் இன்னும் மோசம். சுவரே எழும்பாத இடத்தில் மனிதவள மேலாளர் யார் என்று எவருக்குத் தெரியும்? பணம் வாங்குகிறவர் நூறு பேரிடம் வாங்குவார். அதில் பத்துப் பேருக்கு அவர்களுடைய சொந்தத் தகுதியிலேயே வேலை கிடைத்துவிடும், ‘நான்தான் வாங்கிக் கொடுத்தேன்’ என்று அவர்களைக் காட்டிக்கொண்டே மற்றவர்களைச் சமாளிப்பார். முப்பது வருடத்தில் இதை எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன்.

சரி, 5,000 பேர் கணக்குக்கு வருவோம். ஆலை வரும்போது ஓர் எண்ணும் கூடவே வரும். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குஜராத்தில் வதோதராவில் விமானப்படைக்கான சி-295 போக்குவரத்து விமானம் கட்டும் ஆலையை டாடாவும் ஏர்பஸ்ஸும் சேர்ந்து அமைத்திருக்கின்றன. மொத்த ஒப்பந்தம் 21,935 கோடி ரூபாய், 56 விமானங்கள். அதில் 16 ஸ்பெயினிலிருந்து பறந்தே வந்துவிட்டன, 40 இங்கே தயாராகும். நம் நாட்டில் தனியார் துறை முழு ராணுவ விமானம் ஒன்றைக் கட்டுவது இதுதான் முதல் முறை. இவ்வளவு பெரிய திட்டத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்ன நேரடி உயர்திறன் வேலைகள் எத்தனை தெரியுமா? 600. அதற்கு மேல் மறைமுக வேலைகள் 3,000, நடுத்தரத் திறன் வேலைகள் இன்னொரு 3,000 என்றார்கள். மேடையில் பேசும்போது எல்லாம் கூடி ‘ஆறாயிரத்துக்கு மேல்’ ஆகிவிடும். கேட்டுக்குள் பேட்ஜ் போட்டுக்கொண்டு போகிறவர்கள் அதில் சின்னப் பங்குதான்.

இன்னொன்று. 2024 டிசம்பரில் கே9 வஜ்ரா பீரங்கிகள் வாங்க எல் அண்ட் டி நிறுவனத்தோடு 7,629 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நான்கு ஆண்டுகளில் 9 லட்சம் மனித நாட்களுக்கு மேல் வேலை கிடைக்கும் என்று அறிவிப்பு. ஒன்பது லட்சம் என்றதும் ஊரே நிமிர்ந்து உட்காரும். நாமே வகுத்துப் பார்ப்போம். நாலால் வகுத்தால் வருடத்துக்கு 2,25,000. ஓர் ஆள் வருடத்தில் 300 நாள் வேலை செய்வதாக வைத்தால், 750 பேர். 750 குடும்பம் நான்கு வருடம் அடுப்பெரிப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் ஒன்பது லட்சம் என்று காதில் விழுவதும் 750 என்று கணக்கில் நிற்பதும் வேறு வேறு.

அடுத்தது நம் மாநிலத்திலேயே. 2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்குகளுக்கு ஆர்டர் வந்தது, 7,523 கோடி ரூபாய். 200க்கு மேற்பட்ட இந்திய சப்ளையர்கள், சுமார் 8,000 பேருக்கு வேலைவாய்ப்பு என்று அப்போது சொன்னார்கள். எட்டாயிரத்தை இருநூறாகப் பிரித்தால் ஒரு கம்பெனிக்கு நாற்பது பேர். ஆவடியின் பங்கைக் கழித்தால் இன்னும் குறையும், எல்லா சப்ளையரும் ஒரே அளவில் இருக்கப் போவதும் இல்லை. கணக்கு சரியில்லைதான், ஆனால் திசை காட்டுகிறது. தளவாடத் தொழிலில் வேலை குவிவது பெரிய கேட்டுக்குப் பின்னால் குறைவு. முப்பது பேர், நாற்பது பேர் இருக்கும் ஷெட்டுகளில்தான் அது பரவிக் கிடக்கிறது.

உங்களுக்கு இது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். அந்த மாதிரி ஷெட்டுகள் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில், கொதிகலன் தயாரிக்கும் பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளைப் பற்றி உங்கள் அப்பாவைவிட எனக்கு அதிகம் தெரிந்துவிடாது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததால், அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது அவை வரிசையாகச் சரிந்தன. இப்போது அதில் சில ரயில்வே, காற்றாலை, தளவாடம் என்று மாற்று வேலை தேடிக்கொண்டிருக்கின்றன. தளவாடத் தொழிலை வளர்க்க அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் வைத்துத்தான் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து முனை. பெரிய ஆலைக்காரர்கள் இந்த ஊர்களைத் தேடி வருவதற்கு முக்கியக் காரணமே ஏற்கெனவே இங்கிருக்கும் லேத்தும் வெல்டரும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெல் கதை இங்கேயும் திரும்ப வரலாம், அதை மறைக்க விரும்பவில்லை. தளவாட ஆலைக்கு வாங்குகிறவர் ஒருவர்தான், அரசாங்கம். ஆர்டர் வந்தால் மூன்று ஷிஃப்ட், வராவிட்டால் மெஷினைத் துடைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதே கே9 பீரங்கியில் முதல் 100ஐ எல் அண்ட் டி 2021 பிப்ரவரியில் கொடுத்து முடித்தது. அடுத்த ஆர்டர் கையெழுத்தானது 2024 டிசம்பரில். நடுவில் கிட்டத்தட்ட நான்கு வருடம். பெரிய கம்பெனி இந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். 40 பேர் பட்டறை தாங்குமா? அதனால் அங்கே சேரும்போது, ‘தளவாட வேலை போக வேறு என்ன வேலை ஓடுகிறது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதியாவது வேறு வேலை இருந்தால் நிம்மதி.

இப்போது உங்கள் கைத்தொழில். மூன்று வருடம் ஆபரேட்டர் என்கிறீர்கள். கார் பாகத்தில் ஆபரேட்டர் என்றால் எனக்குத் தெரியும். ஒரே பீஸ், ஒரே புரோகிராம். லோடு, ஸ்டார்ட், அன்லோடு, ஐந்துக்கு ஒன்று கேஜில் அளவு பார்ப்பது. டூல் மாற்றவும் ஆஃப்செட் திருத்தவும் செட்டர் வருவார். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்பதுதான் பேச்சு.

தளவாட வேலை இதற்கு நேர் எதிர். இருபது பீஸ், ஐம்பது பீஸ் என்று வரும். அது முடிந்ததும் வேறு டிராயிங், பீஸைப் பிடித்து வைக்க வேறு ஃபிக்ஸர். இயந்திரம் ஓடும் நேரத்தைவிட செட்டிங் போடும் நேரம் அதிகமாக இருக்கும். அங்கே பட்டன் அழுத்துகிற ஆளுக்கு மதிப்பு இல்லை. டிராயிங்கைப் படித்து, எந்த முகத்தை ஆதாரமாக வைத்து எதைப் பிடிப்பது என்று யோசித்து, முதல் பீஸையே பாஸ் ஆக்குகிறவருக்குத்தான் மதிப்பு. பொருளும் கடினமானது. டைட்டானியத்தைக் கடைகிறபோது சூடு சீவி விழும் துகளோடு போகாமல் டூல் முனையிலேயே நிற்கும், கொஞ்சம் அசந்தால் டூலும் போகும் பீஸும் போகும். கார் பீஸ் ஒன்று போனால் சூப்பர்வைசர் முறைப்பார். இங்கே ஒரு பீஸ் போனால் பல வாரச் சரக்கும் உழைப்பும் போகும்.

காகிதம் இன்னொரு உலகம். நான் டூல் ரூமில் இருந்த காலத்தில் ஒரு சின்னப் பட்டறைக்கு ஆலோசனை சொல்லப் போனேன். நாற்பது பீஸ் திரும்பி வந்திருந்தது. எடுத்து அளந்து பார்த்தோம், ஒன்றில்கூட அளவு தப்பில்லை. பிறகென்ன என்றால், கச்சாக் கம்பியில் அடித்திருந்த ஹீட் நம்பரை, முனையைச் சமன் செய்யும்போது (ஃபேஸிங்) சீவிவிட்டு, மறுபடி பஞ்ச் பண்ண மறந்திருக்கிறார்கள். எந்த வார்ப்பிலிருந்து வந்த இரும்பு என்று நிரூபிக்க வழியில்லை. நாற்பதும் ஸ்கிராப். முதலாளி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ரூட் கார்டு, முதல் பீஸ் ஆய்வு அறிக்கை, மூலப்பொருள் சான்றிதழ், ஹீட் நம்பர் இதையெல்லாம் ஒழுங்காக வைக்கத் தெரிந்த ஆபரேட்டர் கிடைப்பதில்லை என்று பட்டறை முதலாளிகள் என்னிடம் புலம்புவது இன்றும் நிற்கவில்லை. சம்பளத்தில் அது நிச்சயம் தெரியும்.

ஆகவே இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். இருக்கும் இடத்திலேயே ஆபரேட்டரிலிருந்து செட்டர் ஆகுங்கள். செட்டர் வரும்போது டீ குடிக்கப் போய்விடாமல் பக்கத்தில் நில்லுங்கள். எந்த ஆஃப்செட்டை எத்தனை மைக்ரான் மாற்றினார், ஏன் என்று கேளுங்கள். சிலர் சொல்லித் தர மாட்டார்கள். கேட்டால் எரிந்து விழுவார்கள். நைட் ஷிஃப்டில் அதே ஆள் தாராளமாகச் சொல்லித் தருவார், ஏனென்றால் அவருக்குத் தூங்க வேண்டும். டிராயிங்கில் வரும் ஜியாமெட்ரிக் டாலரன்ஸ் குறியீடுகளை, அதாவது வடிவத்தில் எவ்வளவு பிசகலாம் என்று சொல்லும் குறிகளைப் பிழையில்லாமல் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கம்பெனியில் சிஎம்எம் என்ற துல்லிய அளவு இயந்திரம் இருந்தால் குவாலிட்டி ஆட்களோடு பழகுங்கள். சென்னையில் சிஐடிடி என்ற மத்திய அரசின் கருவி வடிவமைப்பு நிறுவனத்துக்குக் கிளை இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள், விசாரியுங்கள். நகை அடகுப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

எப்போது ஊருக்கு வருவது? அடிக்கல் நாட்டு விழாவை நம்பி வராதீர்கள். கர்நாடகாவில் தும்கூரு ஹெலிகாப்டர் ஆலைக்கு 2016இல் அடிக்கல் நாட்டினார்கள், திறந்தது 2023 பிப்ரவரியில். வதோதரா ஆலைக்கு 2022 அக்டோபரில் அடிக்கல், 2024 அக்டோபரில் திறப்பு. ஏழு வருடமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். உங்கள் ஊர் ஆலை எந்த ரகம் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. மின் இணைப்பு வந்து, மெஷின் ஏற்றிய டிரெய்லர் உள்ளே போகிறது என்று உங்கள் தம்பி போன் பண்ணினால், அப்போது பயோடேட்டாவை எடுங்கள்.

ஆனால் துவாக்குடிப் பட்டறைகளுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை லீவில் வரும்போது நாலு ஷெட் ஏறி இறங்குங்கள். செட்டர் என்று சொல்லிக்கொள்ளும் நிலை வந்த பிறகு யாராவது 15,000 தருகிறேன் என்றால் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் கணக்குப்படியே 18,500இல் 9,000 போனால் மிச்சம் 9,500தான். வீட்டுச் சாப்பாட்டோடு 15,000 அதைவிட மேல். ஒரே ஒரு கேள்வியைச் சேரும் முன் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். ‘யார் ரோலில் சேருகிறேன்?’ கம்பெனி ரோலா, காண்ட்ராக்டர் ரோலா, குறித்த கால ஒப்பந்தமா? பிஎஃப், இஎஸ்ஐ யார் பெயரில் கட்டுவார்கள்? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாகச் சேருகிறவருக்கு ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. முன்பு ஐந்து வருடம் வேண்டியிருந்தது.

‘பெர்மனென்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் அப்பா காலத்துச் சொல். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் வந்தபோது உள்ளே நுழைந்தவர் மத்திய அரசு ஊழியர். குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், இந்த அரசு ஆலைகளை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்துவிட்டது. துப்பாக்கித் தொழிற்சாலை இப்போது கான்பூரில் தலைமையகம் கொண்ட கம்பெனியின் கீழ், பக்கத்திலிருக்கும் ஹேப் என்ற இன்னொரு அரசு தளவாட ஆலை புனேயைத் தலைமையகமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ். ஆவடி தொழிற்சாலை 2025இல் 1,850 ஜூனியர் டெக்னீஷியன்களுக்கு விளம்பரம் கொடுத்தது. எல்லாம் ஒப்பந்த அடிப்படையில், முதலில் ஓராண்டு, தேவைக்கேற்ப நீட்டிப்பு. அரசு ஆலையிலேயே இதுதான் நிலைமை என்றால், 3 லட்சத்துக்குப் பெர்மனென்ட் விற்கிறவர் எந்தக் கடையில் சரக்கு எடுத்து வருகிறார்?

தம்பிக்கு வழி உங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. ஐடிஐ முடித்ததும் அப்ரன்டிஸ் போகட்டும். முடித்துத் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழை, அதாவது என்ஏசியை வாங்கிவிடட்டும். அப்ரன்டிஸ் முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் அவனுக்குச் சொல்லுங்கள். ஆனால் பாதுகாப்புப் பொதுத்துறை விளம்பரங்களில் அந்தச் சான்றிதழுக்குத் தனி எடை இருக்கிறது. விளம்பரம் கான்பூர், புனே, ஆவடிக் கம்பெனிகளின் இணையதளத்தில் வரும், திருச்சி டீக்கடையில் வராது. உங்களுக்கு மூன்று வருட அனுபவம் ஆகிவிட்டதால் டிப்ளமோ அப்ரன்டிஸ் கதவு மூடிவிட்டது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று: பெயர். தளவாட ஆலையில் சேரும்போது போலீஸ் சரிபார்ப்பு உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் கார்டில் அதையே முன்னால் தூக்கிப் போட்டு இன்னொரு மாதிரி. நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. ஆறு மாதம் அலைய வைக்கும். இப்போதே ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் எடுத்து வையுங்கள். தம்பி ஊரில் ஏதாவது அடிதடி கேஸில் பெயர் கொடுக்காமல் இருந்தால் நல்லது. ஒர்க்‌ஷாப்பில் நின்று ரீல்ஸ் எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள், அங்கே போனே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

அப்பா விஷயத்தைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் தளவாட வேலைக்கு மிக அருகில் நிற்பவர் அவர்தான். 20 வருடம் ஐபிஆர் வெல்டராக இருந்தவர் என்றால், எக்ஸ்ரே பார்த்துப் பாஸாக வேண்டிய வெல்டிங்கைப் போட்டுப் பழகியவர். கவசத் தகடு வெல்டிங்கும் அந்த ஒழுக்கத்தைத்தான் கேட்கிறது. எலெக்ட்ரோடை அடுப்பில் சுட்டு ஈரம் போக்கியே எடுப்பது, தகட்டை முன்சூடு ஏற்றுவது, அவசரப்படாமல் ஆறவிடுவது. ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போய், மறுநாள் விரிசல் விடும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கொதிகலன் குழாயில் பார்த்திருப்பார். அவரிடம் இல்லாதது செல்லுபடியாகும் சான்றிதழ் மட்டும்தான். பழையது காலாவதியாகி இருக்கும். திருச்சி பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வெல்டர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். போய் விசாரிக்கச் சொல்லுங்கள். கேட், கிரில் வேலையில் கை கொஞ்சம் தளர்ந்திருக்கும். தெரிந்த பட்டறையில் அனுமதி வாங்கி, இரண்டு வாரம் சாயங்காலத்தில் சோதனைத் துண்டு போட்டுப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் ஒரு நாள் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வெல்டர்கள் ஐம்பதை ஒட்டும்போது பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் உருகிய உலோகக் குட்டை தெரியவில்லை என்றால், கை மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.